சூடாமணி மாமியின் பாயசக் கிண்ணம்

பொன்மணிக்கு வெள்ளியைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட வெள்ளி விற்கிறவர்களுக்குத் தெரியாது. பாத்திரத்தைக் கையில் வாங்கியதும் கவிழ்ப்பாள். அடிப்பாகத்தை உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்ப்பாள். பிறகு கையை மோந்து பார்ப்பாள். உள்ளே செம்பு, மேலே பூச்சு என்றால் கை பழைய காசு மாதிரி நாறுமாம். கடைசியாக நகத்தால் ஒரு சுண்டு. தீர்ப்பு வந்துவிடும். “இது வெள்ளி. இது ஜெர்மன் சில்வரு. இது வெள்ளிதான், ஆனா அடியில ஒட்டுப் போட்டுகீது.”

இதை அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் மயிலாப்பூர் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்த்துத் தெரிந்துகொண்டது. நாங்கள் பண்டிகைக்குப் பண்டிகை வெளியே எடுத்து, நாலு பேருக்குக் காட்டி, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுகிறவர்கள். அந்தப் பாத்திரங்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகினவள் அவள்தான். எந்தச் சொம்பு எந்தப் பக்கம் சாயும், எந்தத் தட்டில் எந்த விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதெல்லாம் சொந்தக்காரர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தாள். வெள்ளம் வந்த பிறகு அரசாங்கம் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வைத்தது. லிஃப்ட் ஓடுகிற நாள் நல்ல நாள். காலையில் இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு அடையாறு வந்து, என் மகள் ஹம்சினி வீட்டில் வேலை செய்கிறாள். ஹம்சினியின் சாப்பாட்டு மேஜைக்குப் பழைய வெள்ளி வாங்க வேண்டுமானால் கடைக்குப் போவதும் அவள்தான்.

ஹம்சினியின் பைத்தியம் எனக்குப் புரிவதில்லை. பெங்களூரிலிருந்து திரும்பி வந்து வீடு வாங்கினாள். பத்துப் பேர் உட்காரும் தேக்கு மேஜை வாங்கினாள். அதன் மேல் எவர்சில்வர் வைத்தால் மெஸ் மாதிரி இருக்கிறதாம், புது வெள்ளி வைத்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதாம். ஐம்பது அறுபது வருஷம் பழகின வெள்ளிதான் வேண்டுமாம். நாங்கள் பழையதைப் போட்டுப் புதியது வாங்கின தலைமுறை. நாங்கள் போட்டதைத் தேடித் தேடி வாங்குகிறது அவள் தலைமுறை.

தேனாம்பேட்டையில் மாடியில் ஒரு சின்னக் கடை. ஃபராஸ் என்று ஒருவர் பழைய வெள்ளியை உருக்காமல் அப்படியே விற்கிறார். முதல் தடவை ஹம்சினி அங்கே போனபோது, அகன்ற வாயும் குறுகின இடுப்புமாக ஒரு பாத்திரத்தைப் பார்த்து மயங்கிவிட்டாள். பழம் நறுக்கிப் போட்டு மேஜை நடுவில் வைக்கலாம் என்று தீர்மானம் ஆகிவிட்டது. கூடப் போயிருந்த பொன்மணி அவள் காதோடு சொன்னாளாம்: “பாப்பா, இது படிக்கம். வெத்தல போட்டுத் துப்புறது.” ஃபராஸும் மறுக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்றாராம். அன்றிலிருந்து பொன்மணி பார்க்காமல் ஹம்சினி ஒரு கரண்டிகூட வாங்குவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியாது.

ஏனென்றால் பொன்மணி அதற்கு முன்னால் என் வீட்டில்தான் வேலை பார்த்தாள். ஏழு வருஷம். அவளைத் திருடி என்று நினைத்து நிறுத்தினவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி சூடாமணி மாமி இருக்கிறார். பொன்மணி அவர் வீட்டிலும் வேலை பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் சுவாமிநாதன் காலமானார். நாலு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து மகள் வந்தபோது, வெள்ளி அலமாரியைத் திறந்து மகனுக்கு இன்னது, மகளுக்கு இன்னது என்று பிரித்தார்கள். மாமியின் கல்யாணத்துக்கு வந்த பெரிய பாயசக் கிண்ணத்தைக் காணோம். வெளி ஆள் என்று அந்த அலமாரிப் பாத்திரங்களைத் தொட்டவள் பொன்மணி மட்டும். மாமி போலீசுக்குப் போகவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். அவளை நிறுத்திவிட்டு, வாசல் காவலாளியிடம் சொன்னார். எதிர்வீட்டு ஜானகியிடம் சொன்னார். பின்கட்டில் இருக்கும் டாக்டர் வீட்டில் சொன்னார். என்னிடமும் சொன்னார். “நான் யாரையும் குத்தம் சொல்லலை. கிண்ணத்தைக் காணோம், பொன்மணியை நிறுத்திட்டேன். அவ்வளவுதான்.” இதைவிடச் சுத்தமாக ஒருத்தி மேல் பழி போட முடியாது. மாதக் கடைசிக்குள் மூன்று வீட்டிலும் அவளுக்கு வேலை போயிற்று.

நான் முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர். நிரூபிக்காமல் ஒரு வரி எழுதினால் மதிப்பெண் போடமாட்டேன். அழுதாலும் போடமாட்டேன். அப்படிப்பட்ட நான் பொன்மணியைச் சமையலறை வாசலில் நிற்கவைத்து, அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்களும் அப்டிதான் நெனைக்கிறீங்களா டீச்சரம்மா?”

நான் ஒன்றும் நினைக்கவில்லை, பாத்திரம் தேய்க்கிற மெஷின் வாங்கப்போகிறோம் என்று சொன்னேன். அப்படி ஒரு யோசனையே வீட்டில் கிடையாது. சொன்ன பொய்யை உண்மையாக்க அடுத்த வாரம் நிஜமாகவே ஒன்று வாங்கினேன். அது இன்னும் கூடத்து மூலையில் இருக்கிறது. பழைய பேப்பர் அடுக்க வசதியாக இருக்கிறது.

ஹம்சினி ஊருக்குத் திரும்பியதும் பொன்மணியைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டாள். கூடாது என்று நான் தடுத்தேன். “என்ன ஆதாரம் இருக்கு, சொல்லு” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஹம்சினி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பொன்மணி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். நான் வாங்கிக் குடிப்பேன். பழைய விஷயத்தை இரண்டு பேரும் பேசியதில்லை.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹம்சினிக்கு அலுவலகத்தை விட்டு நகர முடியவில்லை. ஃபராஸ் கடைக்குப் பழைய கிண்ணங்கள் வந்திருக்கின்றன, பொன்மணியோடு நீ போய்ப் பார் என்றாள். நானும் பொன்மணியும் ஆட்டோவில் போனோம். அடையாற்றிலிருந்து தேனாம்பேட்டை அப்படியொன்றும் தூரமில்லை. அன்றைக்குத் தூரமாக இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஃபராஸ் கண்ணாடி மேஜை மேல் துணி விரித்து ஆறு கிண்ணங்களை வைத்தார். எல்லாம் கறுத்துப் போனவை. பழசு கேட்கிறவர்கள் கழுவினால் வாங்கமாட்டார்கள், அதனால் வந்தபடியே வைப்பேன் என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னார். பொன்மணி முதல் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், தேய்த்தாள், மோந்தாள், தள்ளி வைத்தாள். இரண்டாவது பரவாயில்லை என்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்தாள். கவிழ்க்கவில்லை. கட்டை விரல் மட்டும் விளிம்புக்குக் கீழே ஒரு இடத்தைத் தேடிப் போய் நின்றது. அங்கே ஒரு சின்ன நசுங்கல் இருந்தது.

“இது நான் கீழ போட்டது” என்றாள். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை.

நான் கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவார்கள். கறுப்புக்கு நடுவில் புள்ளிகள் தெரிந்தன. சௌ. சூடாமணி, 14-6-71.

அந்த நிமிஷம் நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஓஹோ, இங்கேதான் கொண்டுவந்து விற்றாயா என்று நினைத்தேன். ஹம்சினி வீட்டில் அவள் கையால் காப்பி குடித்த வாயோடுதான் நினைத்தேன். அகப்பட்டுக்கொண்ட முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிண்ணத்தின் வாய் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்தது. மடிப்புக்குள் எப்போதும் ஏதாவது போய் அடைந்துகொள்ளும். தேய்க்கிறவளுக்குத்தான் அது தெரியும். பொன்மணி ஊக்கு முனையை மடிப்புக்குள் விட்டுச் சுற்றிலும் மெல்ல ஓட்டினாள். மூன்று எள் விழுந்தது. கறுப்பு எள். கொஞ்சம் கிண்டினாள், இன்னும் இரண்டு விழுந்தது.

“பாயசக் கிண்ணத்துல எள்ளு எப்டி வரும் டீச்சரம்மா?”

எங்கள் வீடுகளில் வறுக்காத கறுப்பு எள்ளைத் தண்ணீரோடு சேர்த்துக் கையில் எடுக்கிற காரியம் எது என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவளுக்கும் சொல்லவேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் எங்கள் வீடுகளின் தரையிலிருந்து அதைக் கூட்டி வாரினவள் அவள். ஒருவர் இறந்தால் பன்னிரண்டாம் நாள் தானங்கள் உண்டு. அரிசி, உப்பு, வெல்லம், துணி, அந்த வரிசையில் வெள்ளியும் உண்டு. எள்ளும் தண்ணீரும் விட்டு, காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் கையில் கொடுத்துவிட்டால் அது போனதுதான்.

பொன்மணி ஃபராஸிடம் கிண்ணம் யார் கொடுத்தது என்று கேட்டாள். கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அவரும் பேர் சொல்லவில்லை. ஆனால் எள்ளைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

“பேர் கேக்காதீங்கம்மா. ஒரு சாஸ்திரிகள். பொண்ணு கல்யாணம்னு போன மாசம் டிரங்குப் பெட்டியோட கொண்டுவந்தார். எல்லாம் தானமா வந்தது, பல வருஷமாத் தொடாம வெச்சிருந்தேன்னு சொன்னார்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நான் எத்தனை தடவை அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கடையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பொன்மணி கிண்ணத்தைத் தன் போனில் படம் பிடித்தாள், பேர் தெரிகிற மாதிரி ஒன்று, நசுங்கல் தெரிகிற மாதிரி ஒன்று. ஐந்து எள்ளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிண்ணத்தை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கும்படி ஃபராஸிடம் சொன்னாள். என்னிடம், மயிலாப்பூர் போகவேண்டும், நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றாள். நான் போனேன்.

சூடாமணி மாமி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. மகன் ஸ்ரீவத்சன் உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான், அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. பொன்மணியைப் பார்த்ததும் மாமியின் கை கீரைக்கட்டின் மேல் அப்படியே நின்றது. நான்தான் முதலில் உள்ளே போய், ஒரு படம் காட்ட வந்திருக்கிறோம் என்றேன். மாமி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“நம்மாத்துக் கிண்ணம்” என்றார். அடுத்த கேள்வி பொன்மணியைப் பார்த்து வந்தது. “இது உனக்கு எங்கே கெடச்சுது?”

அரை மணிக்கு முன்னால் நான் நினைத்ததும் இதுவேதான். அதனால் எனக்கு மாமி மேல் கோபப்படக்கூட யோக்கியதை இல்லை. பொன்மணி காகிதத்தைப் பிரித்து மாமிக்கு முன்னால் தரையில் வைத்தாள். கிண்ணம் எங்கே இருக்கிறது, யார் விற்றார், எள் எங்கே இருந்தது என்பதை நான் சொன்னேன். மாமிக்கு உடனே விளங்கவில்லை. அந்தப் பன்னிரண்டாம் நாள் அவர் உள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. தானத்துக்கு என்று சின்னதாக ஒரு வெள்ளி டம்ளர் வாங்கி வைத்திருந்தோமே, அதைத்தானே கொடுத்தது என்று கேட்டார்.

ஸ்ரீவத்சன் எப்போது வந்து வாசற்படியில் நின்றான் என்று நாங்கள் பார்க்கவில்லை.

“அந்த டம்ளர் அவசரத்துல ஆப்படலைம்மா. வாத்தியார் வெள்ளி எங்கேன்னு கேட்டுண்டே இருந்தார். அலமாரியைத் தொறந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். எதுன்னுகூடப் பார்க்கலை. கண்ணெல்லாம் ஜலமா இருந்தது.”

அது வரைக்கும் சரி. அப்பா போன துக்கத்தில் இருக்கிற பிள்ளை எதை எடுத்துக் கொடுத்தான் என்று யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் பொன்மணி அடுத்ததைக் கேட்டாள்.

“எப்ப உங்களுக்கு நெனப்பு வந்துச்சு தம்பி?”

அவன் தரையில் இருந்த எள்ளைப் பார்த்தான். அப்பாவின் முதல் வருஷாப்திகத்தன்று வாத்தியார் மறுபடி தானப் பட்டியல் வாசித்தபோது ஞாபகம் வந்தது என்றான். அப்படியானால் ஐந்து வருஷமாக அவனுக்குத் தெரியும். அதற்குள் பொன்மணிக்கு வேறு எங்காவது வேலை கிடைத்திருக்கும், அம்மாவிடம் சொன்னால் அம்மா மனசு கஷ்டப்படும், எதற்குக் கிளறவேண்டும் என்று விட்டுவிட்டானாம். வேறு வீட்டில் வேலை கிடைக்க அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. நடுவில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இரும்புத் துகள் கூட்டினாள். நல்ல பையன்தான். நல்ல பையன்கள் இப்படித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

மாமி அழுதார். பொன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் நடந்துபோயிற்று, நாளையிலிருந்தே வேலைக்கு வந்துவிடு என்றார். பொன்மணி கையை உதறவில்லை. அழவும் இல்லை.

“என்கிட்ட சொல்லி இன்னா மாமி பிரயோஜனம்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்கெங்க போயி சொன்னீங்களோ, அங்கெல்லாம் போயி சொல்லுங்க. போன்ல வேணாம். நானும் கூட வரேன்.”

முழங்கால் வலி என்று மாமி சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைத்தடியை எடுத்தார். கிண்ணத்தைத் திரும்ப வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டதற்கு, தானம் பண்ணினதைத் திரும்ப வாங்கப்படாது என்று மட்டும் சொன்னார். அது இப்போது ஹம்சினியின் மேஜையில் இருக்கிறது. அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வாங்கலாமா என்று பொன்மணியைத்தான் கேட்டாள். நல்ல கனம், வாங்கு என்றாள் பொன்மணி.

முதலில் காவலாளி. அவர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பழைய ஆள் போய்விட்டார். அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனாலும் மாமி முழுசாகச் சொன்னார், பொன்மணி முழுசாகக் கேட்டாள். அடுத்து ஜானகி வீடு. ஜானகி வாயைப் பொத்திக்கொண்டு, அடிப்பாவமே என்றாள். டாக்டர் வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். மாமனார் வந்ததும் சொல்கிறேன் என்றாள். மாமி, அவர் வந்த பிறகு நானே திரும்ப வருகிறேன் என்றார். ஒவ்வொரு இடத்திலும் அதே மூன்று வரி. குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்தது.

கடைசி வீடு என்னுடையது. நான் இவ்வளவு நேரமும் கூடவே நடந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் என் காதால் கேட்டாயிற்று, எனக்குத் தனியாகச் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். படியேறி என் வீட்டு வாசலுக்கு வந்ததும் பொன்மணி நின்றாள்.

“கதவத் தொறந்து உள்ள போயி நில்லுங்க டீச்சரம்மா.”

சாவியை எடுத்துத் திறந்தேன். உள்ளே போய், திரும்பி, வாசலைப் பார்த்து நின்றேன். என் வீட்டுக்குள் நானே அன்னியமாக நின்றது அன்றைக்குத்தான். வெளியே மாமி தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

“கிண்ணத்தைப் பொன்மணி எடுக்கலை. எம் பிள்ளை தானம் பண்ணிட்டான். நான் உங்கிட்டே சொன்னது தப்பு.”

ஜானகி மாதிரி நானும் அடிப்பாவமே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொன்மணி மாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே வீட்டில் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

“நெனைச்சேன், பொன்மணி” என்றேன். “நானும் அப்படித்தான் நெனைச்சேன். இன்னிக்குக் கடையிலகூட ஒரு நிமிஷம் நெனைச்சேன்.”

அவள் தலையை ஆட்டினாள். எனக்குப் பின்னால் கூடத்து மூலையைப் பார்த்தாள். பேப்பர் கட்டுகளுக்குக் கீழே மெஷின் தெரிந்தது.

“அது ஓடுதா?”

“இல்லே. ஒரு நாள்கூட ஓடலை.”

வேறொன்றும் அவள் கேட்கவில்லை. மாமியால் தனியாகப் படியிறங்க முடியாது என்று, அவருக்குக் கை கொடுக்கத் திரும்பினாள்.